பயன்பாட்டுப் பொருளியலில் முனைவர் பட்டம்: ஆய்வு ஆர்வத்தை ஆய்வுக் கேள்வியாக்குவது எப்படி

முனைவர் பட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தில் 'ஆய்வு ஆர்வங்கள்' என்றொரு கட்டம் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதில் "வளர்ச்சிப் பொருளியல், தொழிலாளர் பொருளியல், பாலினம், பொதுக் கொள்கை" என்று நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நேர்காணலில் "இதில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு தடுமாறுவது அதனால்தான். எழுதியது துறைகளின் பெயர்கள், கேட்கப்பட்டதோ கேள்வி. பயன்பாட்டுப் பொருளியலில் ஓர் ஆர்வம் ஆய்வாக உருப்பெற நான்கு விவரங்கள் தேவை: எது மாறியது, யாருக்கு மாறியது, யாரோடு ஒப்பிட்டால் அந்த மாற்றத்தின் விளைவு தெரியும், அந்த ஒப்பீட்டுக்கு எந்தத் தரவு கிடைக்கும். இந்த நான்கையும் எப்படித் தேடிப் பிடிப்பது என்பதை, தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இன்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே விளக்குகிறேன்.

துறைப் பெயரிலிருந்து இறங்குதல்

பயன்பாட்டுப் பொருளியல் என்பது பரந்த கூடாரம். அமெரிக்காவில் அந்தப் பெயர் தாங்கிய துறைகள் பலவும் வேளாண் பொருளியல் துறைகளாகத் தொடங்கி விரிந்தவை; அந்நாட்டு வேளாண் பொருளியல் சங்கமே 2008-இல் 'வேளாண் மற்றும் பயன்பாட்டுப் பொருளியல் சங்கம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இங்கே கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வும், 1971-இல் மால்கம் ஆதிசேஷையா அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும் ஆய்வும், கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நடக்கும் ஆய்வும் வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்தவை என்றாலும், மூன்றையும் இந்தக் கூடாரத்துக்குள் வைக்கலாம். ஆகவே துறைப் பெயரை மட்டும் சொன்னால் உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

நீங்கள் உண்மையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமல், கடைசிப் பக்கம் வரை நீங்களே விரும்பிப் படித்த கட்டுரைகளை எடுத்து, அவற்றின் முதல் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஜே.இ.எல். வகைப்பாட்டுக் குறிகளை, அதாவது பொருளியல் கட்டுரைகளை உட்துறைவாரியாகப் பிரிக்கும் எழுத்துக் குறிகளை, குறித்துக்கொள்ளுங்கள். 'ஜே' தொழிலாளர் பொருளியலையும், 'கியூ' வேளாண்மை, இயற்கை வளம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும், 'ஐ' நலவாழ்வு, கல்வி ஆகியவற்றையும், 'ஹெச்' பொது நிதியையும், 'ஆர்' நகரம், வட்டாரம், போக்குவரத்து ஆகியவற்றையும் குறிக்கும். வாயால் 'வளர்ச்சிப் பொருளியல்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாணவரின் பட்டியலில் ஜேயும் ஆரும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், அவருடைய மனம் வேலைக்கும் பயணத்துக்கும் இடையிலான தொடர்பில் இருக்கிறது என்று பொருள். விண்ணப்பத்தில் அதைத்தான் எழுத வேண்டும்.

அரசாணையில் கிடைக்கும் கேள்விகள்

நல்ல கேள்விகள் பிறர் கட்டுரைகளின் இறுதியில் வரும் 'மேலும் ஆராயப்பட வேண்டியவை' என்ற பத்தியில் கிடைக்கும் என்று சொல்லித் தருகிறார்கள். என் அனுபவத்தில் அரசாணைகளே வளமான இடம். ஒரு திட்டம் எந்த நாளில் தொடங்கியது, யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை, முதலில் எந்த இடங்களில் நடைமுறைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒப்பீட்டுக்கான அடிப்படை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியபோது அது 1,545 அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. மாநிலத்தின் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2023 ஆகஸ்ட் 25-இல்தான் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஓராண்டில் உணவு கிடைத்த பள்ளிகளும் கிடைக்காத பள்ளிகளும் அருகருகே இருந்தன. ஆனால் அந்த முதல் பள்ளிகள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது தெரியாமல் ஒப்பீட்டில் இறங்கக் கூடாது. பின்தங்கிய பகுதிகளை முதலில் எடுத்திருந்தால், திட்டம் நன்றாக நடந்தும்கூட அப்பள்ளிகள் மற்றவற்றைவிடப் பின்தங்கியே தெரியும்.

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வேறு வகையான வாய்ப்பைத் தருகிறது. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும், நன்செய் 5 ஏக்கருக்கு அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மிகாமலும், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று வரம்புகள் வைக்கப்பட்டன. வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் குடும்பமும் சற்று மேலே இருக்கும் குடும்பமும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அவற்றை ஒப்பிட்டுத் தொகையின் விளைவை அளக்கலாம். இங்கே எந்த வரம்பைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஆய்வாளரின் கூர்மை தெரியும். வருமானத்தை விண்ணப்பதாரர் தாமே சொல்கிறார். வரம்புக்குக் கீழே சொல்லிவிட எல்லோருக்கும் காரணம் உண்டு. மின்நுகர்வோ திட்டம் வருவதற்கு முன்பே மீட்டரில் பதிவாகிவிட்டது, அதைப் பின்னோக்கிச் சென்று குறைக்க முடியாது. எனவே மின்நுகர்வு வரம்பே நம்பகமானது. அந்த விவரம் அரசிடம் இருக்கிறது, பொதுவெளியில் இல்லை என்பது அடுத்த தடை. அனுமதி கிடைக்குமா என்பதை முதலாண்டிலேயே தெரிந்துகொள்ளாமல் இதை ஆய்வேட்டின் மையமாக வைத்துவிடாதீர்கள்.

ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்த்தல்

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். "மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பெண்கள் வேலைக்குச் செல்வதை அதிகரித்ததா?" விடியல் பயணத் திட்டம் குறித்து ஆய்வு செய்ய விரும்பும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இந்த வடிவிலேயே விட்டால் ஆய்வு முதல் கூட்டத்திலேயே விழுந்துவிடும்.

திட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 மே 8-இல். கொரோனா இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு தமிழ்நாட்டில் மே 10-இல் தொடங்கியது. ஆகவே காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் 2020-21 எண்ணையும் 2021-22 எண்ணையும் பக்கத்தில் வைத்து, பெண்களின் பங்கேற்பு கூடியிருப்பதைக் காட்டி, அது பேருந்தால் வந்தது என்று சொன்னால், ஊரடங்கிலிருந்து மீண்டதைத் திட்டத்தின் கணக்கில் எழுதியதாகும். ஆண்களை ஒப்பீட்டுக் குழுவாக வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கொரோனா ஆண்களின் வேலையையும் பெண்களின் வேலையையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை என்பதால் அதுவும் தேறாது.

மற்ற மாநிலங்களைப் பார்க்க வேண்டும். டெல்லியில் 2019 அக்டோபர் 29-இல், பஞ்சாபில் 2021 ஏப்ரலில், கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-இல், தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பர் 9-இல், ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15-இல் இதே போன்ற திட்டங்கள் வந்தன. வெவ்வேறு நாட்களில் வந்ததே ஆய்வாளருக்குக் கிடைத்த வாய்ப்பு: 2021-க்கும் 2023-க்கும் இடையில் கர்நாடகம் ஒப்பீட்டு மாநிலமாகிறது, பிறகு அதுவே திட்டம் பெற்ற மாநிலமாகிறது. கொள்கை மாறிய மாநிலத்தில் நேர்ந்த மாற்றத்திலிருந்து மாறாத மாநிலத்தில் நேர்ந்த மாற்றத்தைக் கழிக்கும் இந்த முறைக்கு, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் செய்த ஆய்வு நன்கு அறியப்பட்ட முன்னோடி. நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, அங்குள்ள துரித உணவகங்களை எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் இருந்தவற்றோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: வெவ்வேறு ஆண்டுகளில் திட்டம் வந்த மாநிலங்களை எல்லாம் ஒரே ரெக்ரஷனில் (ஒன்று மற்றொன்றோடு எப்படித் தொடர்புபட்டு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் சமன்பாட்டில்) போட்டால், முன்பே திட்டம் பெற்ற மாநிலங்கள் பின்னர் பெற்றவற்றுக்கு ஒப்பீடாகிவிட்டு முடிவைக் கோணலாக்கும். அண்மை ஆண்டுகளில் இதைச் சரிசெய்யும் கணிப்பு முறைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாத வரைவைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

திட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இது சாதாரண கட்டண நகரப் பேருந்துகளுக்கு உரியது. புறநகர்ப் பேருந்திலோ விரைவுப் பேருந்திலோ செல்லாது. கர்நாடகத்தில் மாநிலத்துக்குள் ஓடும், சொகுசு வகை அல்லாத நெடுந்தூரப் பேருந்துகளிலும் செல்லும். வீட்டிலிருந்து பின்னலாடை ஆலைக்குப் போய்வரும் தினசரிப் பயணமும், மாதம் ஒருமுறை கோயிலுக்கோ தாய்வீட்டுக்கோ போய்வரும் பயணமும் பொருளியல் நோக்கில் வேறு வேறு. தமிழ்நாட்டில் நடத்துநர் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு கொடுப்பதால் எண்ணிக்கை ஒன்று கிடைக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு எண்ணுவது பயணங்களை, பெண்களை அல்ல. ஒரே பெண் ஒரு நாளில் நான்கு சீட்டு வாங்கியிருக்கலாம். செய்தித்தாள்களில் வரும் கோடிக்கணக்கான பயணங்கள் என்ற எண்ணைப் பயனாளிகளின் எண்ணிக்கையாக எழுதிய ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எந்தத் தரவு? தொழிலாளர் கணக்கெடுப்பு வேலை இருக்கிறதா என்று சொல்லும், அதற்கு எவ்வளவு நேரம் பயணம் செய்கிறார் என்று சொல்லாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதைச் சொல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 1.39 லட்சம் குடும்பங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் முந்தைய நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து 24 மணிநேரம் என்ன செய்தார் என்பது அரைமணிக் கூறுகளாகப் பதிவாகியிருக்கிறது. வேலைக்கான பயணத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. தமிழ்நாடு, பஞ்சாப், கர்நாடகம், தெலங்கானா நான்கிலும் இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் திட்டம் வந்தது. கேரளத்திலும் ஆந்திரத்திலும் அதற்குள் வரவில்லை. டெல்லியில் முதல் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டதால், அதை விலக்கிவிட வேண்டும் அல்லது நேர்காணல் நடந்த தேதியைக் கொண்டு பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தரவுக்கும் குறைகள் உண்டு. பத்து நிமிடத்துக்குக் குறைவான செயல்கள் பதிவாவதில்லை என்பதால், இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் வேலைக்குப் போகும் பெண்ணின் பேருந்துப் பயணம் காணாமல் போய்விடும். இரண்டே சுற்றுகள் இருப்பதால், திட்டத்துக்கு முன்பு மாநிலங்கள் ஒரே போக்கில் சென்றுகொண்டிருந்தனவா என்று சோதிக்க முடியாது. 1998-99-இல் நடந்த முன்னோட்டக் கணக்கெடுப்பு ஆறு மாநிலங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது, அவற்றில் தமிழ்நாடு உண்டு, கர்நாடகமும் கேரளமும் இல்லை. லட்சக்கணக்கான மனிதர்கள் மாதிரியில் இருந்தாலும் கொள்கை மாறியது நான்கைந்து மாநிலங்களில்தான் என்பதால், வழக்கமான பிழைக் கணக்கு முடிவை அளவுக்கு மீறி உறுதியாகக் காட்டும். இவற்றை ஆய்வு முன்மொழிவிலேயே நீங்களே எழுதிவிடுங்கள்.

இதுவரை தரவைப் பற்றிப் பேசினோம். கோட்பாட்டையும் தொட்டுவிட வேண்டும். கட்டணம் இல்லாமல் போனால் வேலைக்கான பயண நேரம் கூடுமா, குறையுமா? இதுவரை நடந்து போனவர் பேருந்தில் ஏறினால் குறையும். வீட்டருகே குறைந்த கூலிக்கு வேலை செய்தவர் தொலைவில் நல்ல கூலிக்குப் போகத் தொடங்கினால் கூடும். பகிர்வு ஆட்டோவை விட்டுவிட்டு இலவசப் பேருந்துக்காகக் காத்து நிற்பவருக்கும் கூடும், ஆனால் அவருடைய வேலை மாறவில்லை. ஆக, கூடியது நல்லது என்றோ குறைந்தது நல்லது என்றோ எண்ணைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒரு பெண் பயணத்துக்குச் செலவிடும் நேரத்தையும் பணத்தையும் கூலியோடு எடைபோட்டு வேலையைத் தேர்கிறார் என்ற சிறிய மாதிரி ஒன்றை எழுதி, எந்த எண் எந்த விளக்கத்தோடு பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஆய்வேடுகளில் அதிகம் விடுபடுவது இந்தப் பகுதிதான். ரெக்ரஷன் அட்டவணைகள் நாற்பது பக்கம் இருக்கும், எதற்காக அந்தச் சமன்பாடு என்பதற்கு ஒரு பத்தி இருக்காது.

தரவின் இயல்பை அறிதல்

தரவைப் பதிவிறக்கும் முன் வினாப்பட்டியலைப் படியுங்கள். குறியீட்டு ஏட்டைப் படிப்பது போதாது. களப் பணியாளர்களுக்கான கையேட்டையும் படிக்க வேண்டும். மாவட்ட அளவில் ஆய்வு செய்பவர்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன, 2019-க்கும் 2020-க்கும் இடையில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகியவை பிரிந்து 38 ஆயின என்பதை மறந்துவிட்டால், வேலூரில் ஏதோ பெரிய வீழ்ச்சி நேர்ந்ததாகத் தரவு காட்டும். பழைய எல்லைக்கே எல்லாவற்றையும் திரும்பச் சேர்ப்பதுதான் பாதுகாப்பானது. குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2011-12-க்கும் 2022-23-க்கும் இடையில் வெளியான சுற்று எதுவும் இல்லை, கேள்வி கேட்கும் முறையும் மாறிவிட்டது. வறுமை எவ்வளவு குறைந்தது என்பதில் பொருளியலாளர்கள் இன்னும் உடன்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சொந்தமாகக் களத் தரவு திரட்ட விரும்புபவர்கள், முன்பே யாரோ அளந்து வைத்த ஊருக்குப் போவது நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'இந்தியப் பொருளியல்' துறையின் முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களை ஆராய்ந்தார். 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்குத் திரும்பச் சென்றார்கள். பிறகும் பலர் சென்றிருக்கிறார்கள். நூறாண்டு ஒப்பீட்டுக்கு இடம் தரும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். காவிரிப் பாசனப் பகுதியில், மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடப்பட்டு வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் இடைவெளியில் போய் "சென்ற வாரம் எத்தனை நாள் வயல் வேலை கிடைத்தது?" என்று கேட்டால் ஒரு விடை வரும், சம்பா அறுவடையின்போது கேட்டால் முற்றிலும் வேறு விடை வரும். அணை உரிய நாளில் திறக்காத ஆண்டுகள் எவை என்று பார்ப்பதும் ஒரு நல்ல ஆய்வின் தொடக்கமாகலாம்.

நெறியாளரைத் தேர்தல்

நெறியாளரின் பொருளைவிட அவருடைய முறை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் இருக்கும். இரண்டை எடுத்து, வழக்கமாக ஆய்வு முறையை விளக்கும் மூன்றாம் இயலைப் படித்தாலே போதும். அதே தளத்தில் உங்கள் தலைப்பை வேறு யாரும் செய்துவிட்டார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும்; ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. கடிதம் எழுதும் முன் இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு என்பதும் அதே விதி. உங்கள் கேள்விக்கான தரவு ஐந்தாம் ஆண்டில்தான் வெளியாகும் என்றால் அந்தக் கேள்வியை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

எழுதிக் காட்டுதல்

மேலே பார்த்த மாணவர் இப்போது ஆய்வு ஆர்வத்தை இப்படி எழுதலாம்:

"கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், பெண்கள் சென்று சேரக்கூடிய வேலைகளின் எல்லையை விரித்ததா என்று ஆராய்கிறேன். 2019-க்கும் 2024-க்கும் இடையில் நான்கு மாநிலங்களில் வெவ்வேறு நாட்களில் திட்டம் தொடங்கியதைப் பயன்படுத்தி, நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வேலைக்கான பயண நேரம், கூலி வேலை நேரம், ஊதியமில்லா வீட்டு வேலை நேரம் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றத்தை அளக்கிறேன். இதைத் தொடர்ந்து, அரசு ஈடுசெய்யும் தொகை போக்குவரத்துக் கழகங்களின் பேருந்து எண்ணிக்கையையும் வழித்தடங்களையும் எப்படிப் பாதித்தது என்று பார்க்க விரும்புகிறேன்."

இதில் முறையின் பெயர் ஒன்றுகூட இல்லை; முறை தெரிந்தவருக்கு இரண்டாம் வாக்கியமே போதும். மூன்றாம் வாக்கியம் அடுத்த இயலுக்கு வழி விடுகிறது. ஆய்வேட்டை மூன்று தனிக் கட்டுரைகளாக எழுதும் வழக்கம் பரவிவரும் இந்நாளில், அம்மூன்றும் ஒரே நிறுவனத்தையோ ஒரே தரவையோ சுற்றி அமைந்தால் முதல் கட்டுரைக்காகக் கற்றது மற்ற இரண்டுக்கும் உதவும். "ஒரு குறிப்பிட்ட மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு" என்று முடியும் தலைப்புகளைக் கூடுமானவரை தவிருங்கள். பெரும்பாலும் அந்த மாவட்டம் ஆய்வாளரின் சொந்த ஊர் என்பதைத் தவிர வேறு காரணம் அந்தத் தலைப்பில் இருப்பதில்லை.

பதிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தேர்ந்தெடுத்த தரவைப் பதிவிறக்கி, அந்தக் கணக்கெடுப்பின் அதிகாரபூர்வ அறிக்கையில் அச்சாகியுள்ள ஓர் எண்ணை, எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலைக்குச் செலவிடும் சராசரி நிமிடங்களை, ஸ்டாட்டாவிலோ ஆர் மென்பொருளிலோ நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பெருக்குக் காரணிகளை (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எடைகளை) சரியாகப் பயன்படுத்தவில்லை என்றாலோ, அந்த வேலையில் ஈடுபட்டவர்களுக்கான சராசரியையும் எல்லோருக்குமான சராசரியையும் குழப்பிக்கொண்டாலோ எண் பொருந்தாது. பொருந்தும் வரை வேறு எந்த அட்டவணையையும் போடாதீர்கள். பொருந்திய பிறகு நெறியாளருக்கு எழுதுங்கள்.